என் மூச்சில் தூங்கிய ஊர்

என் பக்கத்தில் வந்தால் குழந்தைகளுக்குத் தூக்கம் வந்துவிடும். என் பேச்சைக் கேட்டுப் பெரியவர்கள் தூங்கியிருக்கிறார்கள். அது வேறு கதை. நான் சொல்வது இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளை. பேருந்தில் ஏதாவது ஒன்று அடம்பிடித்து அலறிக்கொண்டிருக்கும். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நாலு மூச்சு விட்டால் போதும், தலை சாய்ந்து என் கைமேல் விழும். அவிநாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று சாய்ந்துவிட்டது. ரசத்துக்குக் கை நீட்ட வழியில்லாமல் நான் விழிப்பதைப் பார்த்து என் பெரியம்மா, "ஊர்க் குழந்தையெல்லாம் உம்மேல விழுகுது, உனக்குன்னு ஒண்ணு விழ மாட்டீங்குதே சென்னி" என்று மண்டபத்துக்கே கேட்கிறாற்போல அங்கலாய்த்தார்.

பெயர் சென்னியப்பன். தொண்ணூறுகளில் பிறந்து, பெண் கிடைக்காமல் நின்றுபோன கொங்கு நாட்டு ஆண்களைப் பற்றி ஒரு காலத்தில் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதினவே, அந்தக் கூட்டத்தில் மிச்சமிருப்பவன். கூட்டத்தில் பாதிப் பேர் எப்படியோ கரையேறிவிட்டார்கள். நான் திருப்பூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். 'துணை' தயாரிக்கும் கம்பெனியில் கொள்முதல் பிரிவு. அட்டைப்பெட்டி, ஸ்பாஞ்சு, திருகாணி வாங்கிப் போடுகிற வேலை.

துணையைத் தெரியாதவர்கள் இப்போது இல்லை. விளாம்பழம் அளவில் ஒரு உருண்டை, அதோடு சேர்ந்த மெல்லிய மெத்தை. குழந்தையின் படுக்கையில் போட்டுவிட்டால், ராத்திரி அது திடுக்கிட்டு எழுந்து வீறிடாது. இந்த உருண்டையைக் கண்டுபிடித்த டாக்டர் ஹசீனாதான் என்னை முதல்முதலில் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். பெட்டி அளவில் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொண்டு டேப்போடு போனேன்.

"உங்களால ஒரு ராத்திரி இங்க தூங்க முடியுமா அண்ணா?" என்றார்.

"பகல்லயே தூங்குவனுங்க. எதுக்குன்னு சொல்லுங்க."

"நாம எல்லாருமே ராத்திரி நாலஞ்சு தடவ மேல வர்றோம். தண்ணிக்குள்ள இருந்து தலைய நீட்டிப் பாக்கற மாதிரி. புரண்டு படுத்துட்டு மறுபடி முங்கிடுவோம், காலைல ஞாபகம் இருக்காது. சின்னக் குழந்தை மேல வந்ததும் ஒரே ஒரு விஷயம்தான் பாக்கும். பக்கத்துல ஆள் இருக்கா? இருந்தா முங்கிடும். இல்லைன்னா வீல்னு கத்தும்."

"ஆள் இருக்கற மாதிரி ஏமாத்தப் போறீங்க."

"ஏமாத்தறதுன்னு சொல்லாதீங்க. மூச்சு, சூடு, படுக்கை லேசா ஏறி இறங்கறது, அவ்வளவுதான் குழந்தைக்கு வேணும். ஒரு நல்ல மூச்சு கிடைக்க மாட்டேங்குது. இங்க இருக்கற அத்தன பேரையும் படுக்க வெச்சுப் பாத்துட்டேன். எல்லாருக்கும் வீட்டுல குழந்தை. பக்கத்து அறையில ஒரு குழந்தை புரண்டாப் போதும், தூக்கத்துலயே இவங்க மூச்சு ஒரு நொடி நின்னு போகுது. வெட்டி ஒட்டினாலும் கரடுமுரடா இருக்கு."

அன்று ராத்திரி உடம்பெல்லாம் ஒயரோடு படுத்தேன். காலையில் ஹசீனா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆலையில் நூல் ஓடுகிறாற்போல என் மூச்சு ஓடியதாம். பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழுதபோதும், யாரோ தட்டைக் கீழே போட்டபோதும், ஒரு தடங்கல் இல்லை. நான் பிறந்து அன்றுவரை செய்ததிலேயே எல்லோரும் கைதட்டிய காரியம் அதுதான். பெரியம்மாவிடம் போனில் சொன்னேன். "தூங்கினதுக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அந்த ஒரு ராத்திரி மூச்சுதான் லட்சக்கணக்கான படுக்கைகளில் ஏறி இறங்குகிறது. பந்தியில் என்மேல் சாயும் குழந்தைகளுக்கு நான் புது ஆள் இல்லை. முகம்தான் புதிது.

ஊர் தூங்கியது. கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்த தாய்மார்கள் என்னைத் தெருவில் நிறுத்திக் கும்பிட்டார்கள். பனியன் கம்பெனிகளும் கும்பிட்டன, வேறு விதமாக. முன்பெல்லாம் கைக்குழந்தைக்காரிகளை ராத்திரி ஷிப்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். "புள்ள தூங்க விட மாட்டீங்குதுங்க" என்றால் சூப்பர்வைசர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். இப்போது, "துணை மாட்டிருக்கறீல்ல? நல்லாத்தான தூங்குவ? வா" என்றார்கள். அவர்களும் போனார்கள்.

கீழ் வீட்டுக் கோகிலாவும் அப்படித்தான் பகல் ஷிப்டிலிருந்து இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றப்பட்டாள். அவள் புருஷன் நந்தகோபாலுக்குச் சாயப்பட்டறையில் நிரந்தர ராத்திரி வேலை. அவர் காலையில் வந்து படுப்பார். மத்தியானம் எழுந்ததும் அவள் கிளம்புவாள். ராத்திரி அவள் வந்து இறங்கும்போது அவர் வண்டியை எடுப்பார். வாசல் கேட்டில் பார்த்துக்கொள்ளும் தம்பதி. இரண்டு வயதுப் பெண் ஒன்று. ஜாதகப்படி எழுத்து பார்த்து யக்ஷிதா என்று வைத்திருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல் சுளுக்கும் என்று எல்லோரும் அம்முணி என்றே கூப்பிட்டோம். அவள் பிறந்தநாளுக்குத் துணை வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

வைகாசியில் ஒரு நாள் காலை, நான் வாயில் பிரஷ்ஷோடு நிற்கும்போது கோகிலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். இன்னொரு கையில் தலையணை உறை. மஞ்சளும் ரத்தமுமாக ஒரு கறை.

"அண்ணா, காதுல இருந்து வந்திருக்குதுங்ணா. உடம்பு அனலாக் கொதிக்குது. அவர் இன்னும் வரல. ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா?"

ஆட்டோவில் அம்முணி என்மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"செவிப்பறை கிழிஞ்சிருக்கு. ராத்திரி பூரா கத்தித் தீர்த்திருக்குமே! என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?"

"கத்தவே இல்லீங்க டாக்டர். நான் பக்கத்துக் கட்டில்லதான் கெடந்தேன். தூங்கிட்டுத்தான் இருந்தாளுங்க."

"இந்த வலியோட பெரிய ஆளே தூங்க மாட்டாம்மா" என்றார் டாக்டர். திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மருந்தும் ஓய்வும் போதும், காது கூடிவிடும் என்று அனுப்பினார். சாயங்காலம் நந்தகோபால் போனை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். பட்டறையிலிருந்து பிள்ளையைப் பார்க்க, அறை மூலையில் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். முந்தின ராத்திரிப் பதிவை ஓட்டிக் காட்டினார்.

அம்முணி திடீரென்று எழுந்து உட்கார்கிறாள். கை காதைப் பிடிக்கிறது. வாய் திறக்கிறது. மூடிக்கொள்கிறது. துணையைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு அதன் பக்கமாக மெதுவாகப் படுத்து, முகத்தை அதனோடு ஒட்டி வைத்துக்கொள்கிறாள். கண்ணீர் மூக்குக்கு மேலாக வழிந்து தலையணையில் இறங்குகிறது. சத்தம் இல்லை. உருண்டையில் பச்சை விளக்கு எரிகிறது. பச்சை என்றால் ஆழ்ந்த உறக்கம். அழுகைச் சத்தம் கேட்டால்தான் அது சிவப்பாகும்.

"எத்தன ராத்திரி இப்படிக் கெடந்தாளோ தெரியலீங்ணா" என்றார் நந்தகோபால். "நாங்க ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சோம்."

மறுநாள் அந்த வீடியோவை ஹசீனாவிடம் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார். பிறகு பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். வேண்டாம் என்று ஒதுக்கிய மூச்சுகள்.

"இது கணக்குப் பிரிவு ரேவதி. கேளுங்க. பாப்பா புரளுது... பாத்தீங்களா, நின்னு போச்சு. ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதும் பெரிசா ஒரு மூச்சு விடறாங்க. தூக்கத்துலதான் அண்ணா. அவங்களுக்கே தெரியாது." அடுத்ததைப் போட்டார். "இது நீங்க."

ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. எனக்கே கொட்டாவி வந்தது.

"உங்க மூச்சுல காது இல்லண்ணா" என்றார். "அத நான் நல்லதுன்னு நெனச்சுட்டேன். ஆள் இருக்கு, ஆனா இந்த ஆள் நமக்காக எந்திரிக்காதுன்னு குழந்தைங்க கத்துக்கிட்டாங்க. கூப்பிட்டு என்ன பிரயோசனம்னு விட்டுட்டாங்க. அப்படித்தான் தோணுது."

ஒரு மனிதனைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. பெண் பார்க்கப் போன இடங்களில்கூட இவ்வளவு தெளிவாக வேண்டாம் என்று சொன்னதில்லை.

கீழ் வீட்டில் துணையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் அம்முணி அழவில்லை. காது ஆறியது, ஆனால் ராத்திரி எழுந்தால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பகலிலும் அப்படித்தான். வாசலில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, ரத்தத்தோடு வந்து மூலையில் நின்றாளாம். கோகிலா வேலைக்குப் போகாமல் நாள் முழுக்கப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவ அழுதுட்டாப் போதுமுங்ணா" என்றாள் என்னிடம். "கண்ண மூடறதுக்கே பயமா இருக்குது. எங்க வலிச்சாலும் சொல்ல மாட்டா. நாங் கண்டுபிடிக்காம விட்டுட்டன்னா?"

ஹசீனா ஒரு வழி சொன்னார். எழுந்திரிக்காத ஆள் நான்தான் என்றால், எழுந்திரித்துக் காட்ட வேண்டியதும் நான்தான். அம்முணியின் பக்கத்தில் நான் நிஜமாகவே தூங்க வேண்டும். அவள் விழித்ததும் நானும் விழித்து, அவளைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தில் ஆரம்பித்தோம்.

தூங்குகிற பாதி எனக்குப் பிரமாதமாக வந்தது. முதல் வாரம் ஹசீனா என் தோளைப் பிடித்து உலுக்கியபோது மணி ஐந்து. அம்முணி எப்போதோ எழுந்து, என்னைப் பார்த்து, திரும்பப் படுத்திருந்தாள். அடுத்த வாரம் என் கால் கட்டைவிரலில் பனியன் நூலைக் கட்டி, மறுமுனையைச் சமையலறையில் கோகிலா பிடித்துக்கொண்டாள். அவள் இழுக்க, நான் தூக்கத்திலேயே எதிர்த்து இழுத்து நூலை அறுத்துவிட்டேனாம். அதற்கடுத்த வாரம் மூன்று டம்ளர் வரக்காப்பி குடித்துவிட்டுத் தூங்குகிற மாதிரி நடித்தேன். அம்முணி ஏமாறவில்லை. கொட்டக் கொட்ட என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். என் வாழ்க்கையில் என்னை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்த முதல் பெண் அவள்தான்.

நாலாவது வாரம் காப்பி இல்லை, நூல் இல்லை. கூடத்தில் பாயில் அவளும் நானும். சமையலறை வாசலில் கோகிலாவும் ஹசீனாவும். உள்ளறையில் நந்தகோபால். தூங்கிவிட்டேன்.

எது எழுப்பியது என்று தெரியவில்லை. சத்தம் எதுவும் இல்லை. கண்ணைத் திறக்காமலே யாரோ அழுகிறார்கள் என்று தெரிந்தது. என் நெஞ்சின்மேல் சின்னக் கை ஒன்று தட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கையின் விரல் என் உதட்டின்மேல் இருந்தது.

"ச்சூ" என்றாள் மிக மெதுவாக. "மாமா தூங்குது. ச்சூ."

கண்ணைத் திறந்தேன். முகம் முழுக்கக் கண்ணீர். பாதத்தில் ஒரு கட்டெறும்பு இன்னும் கவ்விக்கொண்டிருந்தது. அந்த இடம் சிவந்து தடித்திருந்தது. நான் விழித்ததைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது பயம். தப்பு செய்துவிட்டவள்போல, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சமையலறை வாசலில் கோகிலா அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"நான்தானுங்ணா சொல்லிக் குடுத்தேன்" என்றாள். "அவங்கப்பா காலைல வந்து படுப்பாங்கல்ல. பேச ஆரம்பிச்சதுல இருந்தே சொல்றனுங்க, அப்பா தூங்குது, சத்தம் போடக் கூடாது, போட்டா சாமி கண்ணக் குத்தும்னு. டிவி போட மாட்டா. பொம்மையக்கூட மெதுவாத்தான் கீழ வெப்பா. சமத்து, சமத்துன்னு கொஞ்சுவேன்."

ஹசீனா கையிலிருந்த குறிப்பு நோட்டை மூடினார். கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று இந்தப் பிள்ளை நினைக்கவே இல்லை. பக்கத்தில் யாரோ அசதியில் தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறது. செவிப்பறை கிழியும்போதும், ஸ்பாஞ்சும் திருகாணியுமான ஒரு உருண்டையின் தூக்கத்தைக் காவல் காத்திருக்கிறது. என் தூக்கத்தை.

எழுந்து உட்கார்ந்து எறும்பை எடுத்துப் போட்டேன்.

"மாமா தூங்கல அம்முணி. பாரு, முழிச்சுட்டேன். வலிக்குதா?"

தலையை ஆட்டினாள். கை வாயைவிட்டு இறங்கவில்லை.

"அப்ப அழு."

அம்மாவைப் பார்த்தாள். கோகிலா தவழ்ந்தே வந்துவிட்டாள்.

"அழு சாமி. சத்தமா அழு. சாமியெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

முதலில் உதடு மட்டும் நடுங்கியது. அப்புறம் அவள் அழுதாள். எறும்புக்கடிக்கு யாரும் அப்படி அழ மாட்டார்கள். காதுக்கும், முட்டிக்கும், எங்களுக்குத் தெரியாத ராத்திரிகளுக்கும் சேர்த்து அழுதாள். நந்தகோபால் உள்ளறையிலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, பிள்ளையையும் பெண்டாட்டியையும் பார்த்து, என்ன ஏது என்று கேட்காமல் தானும் அழ ஆரம்பித்தார். நான் எறும்பைத் தேடுகிற மாதிரி பாயைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் ஹசீனா, "நான் நெனச்சது தப்பு" என்றார். "இந்த ஒரு குழந்தை மட்டும்தானா?"

"இந்த ஊர்ல பகல்ல ஒருத்தர் தூங்காத வீடு இருக்குதா டாக்டர்? ஷிப்டு ஊருங்க இது. புள்ளைக நடக்கறதுக்கு முன்னாடியே ச்சூ கத்துக்கும்."

அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். பிறகு, "என் பையன் இஹ்ஸானுக்கும் மாட்டியிருக்கேன்" என்றார். "போன வாரம் படுக்கைய நனைச்சுட்டு, விடியற வரைக்கும் ஈரத்துலயே கெடந்தான். உம்மாவ எழுப்பல பாருன்னு முத்தம் குடுத்தேன், அண்ணா."

முதலாளியிடம் போனோம். நல்ல மனிதர், எங்களை உட்காரச் சொன்னார், டீ சொன்னார். "அடுத்த மாடல்ல மூச்சு நடுவுல நிக்கற மாதிரி வெச்சுடலாம்" என்றார்.

"நின்னுட்டு யாரும் எந்திரிக்கலைன்னா அது இன்னும் பெரிய பொய் சார்" என்றார் ஹசீனா.

"அதுக்காக அத்தனையும் ஒரே ராத்திரியில நிறுத்தச் சொல்றீங்களா? நாளைக்கு ஒரு கம்பெனி ஓடுமாம்மா? ஊரே அடிக்க வரும்."

டீ நன்றாக இருந்தது. குடித்துவிட்டு எழுந்தோம்.

ஆய்வகத்தில் ஹசீனா கதவைச் சாத்தினார். எல்லாத் துணைகளுக்கும் மூச்சு அவர் மேஜைக் கணினியிலிருந்துதான் போகிறது.

"வேலை போயிடும், அண்ணா. உங்களுக்கும்."

"அட்டைப்பெட்டி வாங்கறதுக்கு ஆளா கிடைக்காது? உங்கள நெனச்சாத்தான்..."

"பேசுங்க" என்று மைக்கை என் பக்கம் தள்ளினார்.

இரண்டு வயதுக் குழந்தைக்குப் புரிகிறாற்போலப் பேச வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டேன். முதல் தடவை மேடைப்பேச்சு மாதிரி வந்தது, அழித்துவிட்டார். இரண்டாம் தடவை சொன்னதைத்தான் அனுப்பினோம்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் நின்றேன். கீழே தெரு இருட்டில் கிடந்தது. ஹசீனா சொன்ன நேரத்தில், ஊரெல்லாம் என் மூச்சு நின்றிருக்கும். நின்று, ஒரு கனைப்பு. பிறகு என் குரல்: "மாமா முழிச்சுட்டேன் சாமி. எல்லாரும் முழிச்சுக்கலாம். எங்க வலிக்குதோ, கூப்பிடு."

ஒன்றும் நடக்கவில்லை. வழக்கம்போல யாரும் நம் பேச்சைக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

எதிர் வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கியது. அதற்கப்பால் ஒன்று. ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று வீலென்று ஆரம்பிக்க, அதைக் கேட்டு அடுத்தது, அடுத்தது. தெருவைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் காலனிவரைக்கும் போனது. நாய்கள் குழம்பிப்போய்க் குரைத்தன. ஜன்னல்களில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. "இந்தக் கெரகம் புடிச்ச மிஷினு!" என்று ஒரு ஆள் கத்தினான். "மிஷின விடுங்க, புள்ளயத் தூக்குங்க மொதல்ல!" என்று ஒரு பெண் கத்தினாள். போன் அதிர்ந்தது. ஹசீனா. எடுத்தால் பின்னால் ஒரு பையன் அழுகிறான், அவனை வாரித் தோளில் போட்டுக்கொள்கிற துணிச் சத்தம் மட்டும் கேட்டது.

நாளைக்கு ஊர் முழுக்கக் கண் சிவந்து என்னைத்தான் தேடும். தேடட்டும்.

அப்போது கீழ் வீட்டில், துணை இல்லாத வீட்டில், இத்தனை இரைச்சலில் எழுந்த அம்முணி அழுகையோடு கூப்பிட்டாள். "அம்மா!" ஒரு தடவைதான். சத்தமாக.

நான் மாடிப்படியில் பாதி தூரம் இறங்கியிருந்தேன். எப்போது இறங்க ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. செருப்புகூடப் போடவில்லை.

"வந்துட்டேன் சாமி, இதோ வந்துட்டேன்" என்று கோகிலாவின் குரல் கேட்டது. கட்டில் கிரீச்சிட்டது. அழுகை நின்றது.

கொஞ்ச நேரம் அந்தப் படியிலேயே நின்றேன். பிறகு சத்தம் போடாமல் திரும்பி மேலே ஏறினேன்.